மூலத்தைக் கையில் எடுத்த பிறகே மேற்கோள்: மாணவர் சட்ட இதழ் எழுத்தாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு நூலக வழிகாட்டி

அமெரிக்காவில் தனியுரிமை பற்றிச் சட்டக் கட்டுரை எழுதும் மாணவர் பெரும்பாலும் ஒரு தொடரில்தான் தொடங்குவார்: ‘தொந்தரவின்றி விடப்படும் உரிமை’. அடிக்குறிப்பில் சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் இருவரும் 1890இல் ஹார்வர்ட் லா ரிவ்யூவில் எழுதிய கட்டுரையைக் காட்டுவார். அந்த இதழின் 4ஆம் தொகுதியை எடுத்து 195ஆம் பக்கத்தைத் திறந்தால், தொடர் மேற்கோள் குறிகளுக்குள் இருக்கிறது. நீதிபதி கூலியின் சொல் அது என்று அந்த வாக்கியமே சொல்கிறது. அடிக்குறிப்பு, கூலியின் தீங்கியல் (டார்ட்ஸ்) நூலின் இரண்டாம் பதிப்பு, 29ஆம் பக்கத்துக்குப் போகச் சொல்கிறது. வாரனும் பிராண்டைஸும் யாரிடமிருந்து பெற்றோம் என்பதை ஒளிக்கவில்லை. அவர்களை எடுத்தாண்டவர்கள்தாம் கூலியை மறந்துவிட்டார்கள்.

பிறகு 1928இல், ஓம்ஸ்டெட் வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த பிராண்டைஸ் அதே தொடரை மீண்டும் எழுதினார். அந்த வரியை ‘உச்ச நீதிமன்றம் கூறியது’ என்று எழுதும் கட்டுரைகள் உண்டு. அது பெரும்பான்மைத் தீர்ப்பு அல்ல, அவருடைய மாறுபட்ட தீர்ப்பு. பெரும்பான்மை நீதிபதிகள் தொலைபேசி ஒட்டுக்கேட்பு, நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காவது திருத்தத்தின் கீழ் சோதனை ஆகாது என்றார்கள். அந்த நிலைப்பாட்டையும் 1967இல் காட்ஸ் வழக்கு கைவிட்டுவிட்டது. ஒரே ஒரு தொடர். அதைச் சுற்றி இத்தனை இடறல்கள். எல்லாமே மூலத்தைத் திறந்து பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இந்த வழிகாட்டியில் நான் சொல்லப் போவது அதைத்தான். கையில் எடுத்துப் பார்க்காத எதையும் மேற்கோள் காட்டாதீர்கள். பார்ப்பதற்கு நூலகத்தில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒரு சிறு முன்விளக்கம். மாணவர்களே நடத்தும் சட்ட இதழ் என்பது அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் வேரூன்றிய மரபு. ஹார்வர்ட் லா ரிவ்யூ 1887இல் தொடங்கியது. இன்று பெரும்பாலான அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட மாணவர் இதழ்கள் இருக்கின்றன. பேராசிரியர்களின் கட்டுரைகளைத் தேர்ந்தெடுப்பதும், அடிக்குறிப்புகளைச் சரிபார்ப்பதும், பதிப்பிப்பதும் மாணவர்கள்தாம். கூடவே அவர்கள் சொந்தமாக ‘நோட்’ அல்லது ‘காமென்ட்’ என்ற வகைக் கட்டுரையும் எழுதுகிறார்கள். இந்த வழிகாட்டி அந்த மாணவர்களுக்காக, அமெரிக்கச் சட்ட மூலங்களை வைத்து எழுதப்பட்டது.

முதல் படி: தேடுபொறிக்கு முன் நூலகர்

பல சட்ட நூலகங்களில் ஒவ்வொரு மாணவர் இதழுக்கும் ஒரு தொடர்பு நூலகர் இருப்பார். அவர்களில் பலர் சட்டப் பட்டமும் நூலக அறிவியல் பட்டமும் பெற்றவர்கள். பெரும்பாலான மாணவர்கள் அவரைத் தேடிப் போவது எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான். வரிசையை மாற்றுங்கள். தலைப்பு முழுமையாகத் தெளிவாகும் முன்பே, அரை மணி நேரம் அவரோடு உட்காருங்கள்.

போகும்போது மூன்று விஷயங்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: உங்கள் கேள்வி ஒரே வாக்கியத்தில், அந்தக் கேள்வியைச் சுட்டும் மாற்றுச் சொற்கள், ஏற்கெனவே எங்கே தேடினீர்கள் என்ற பட்டியல். ‘தனியுரிமை பற்றி ஏதாவது வேண்டும்’ என்று கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். ‘இடத்தை வைத்துக் கைபேசிகளைத் தேடும் வாரண்டுகளில் சம்பந்தமில்லாதவர்களின் தகவலும் சிக்குகிறது, அதைக் குறைக்க மாநிலச் சட்டங்கள் என்ன செய்திருக்கின்றன?’ என்று கேட்டால், நீங்கள் பெயரே கேட்டிராத ஒரு தரவுத்தளத்தை அவர் திறந்து காட்டுவார்.

உங்கள் இதழின் பெயரில் நூல்களைப் பதிவு செய்து ஒரே அலமாரியில் வைத்துக்கொள்ள முடியுமா, இரவல் கோரிக்கைகளை இதழ் சார்பாக யார் அனுப்பலாம், கட்டணத் தரவுத்தளங்களை வளாகத்துக்கு வெளியிலிருந்து திறப்பது எப்படி என்பவற்றையும் அன்றே கேட்டுவிடுங்கள். சிறிய கேள்விகள்தாம், ஆனால் இறுதிக்கட்ட நெருக்கடியில் இவற்றுக்குப் பதில் தேடி அலையும் ஆசிரியர் குழுக்கள் ஏராளம்.

இரண்டாம் படி: தலைப்பு

நல்ல மாணவர் கட்டுரைக்கு வழக்கமான விதை, மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கு இடையிலான முரண்பாடு. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் (இவற்றைச் சர்க்யூட் என்பார்கள்) ஒரே கேள்விக்கு வெவ்வேறு பதில் சொல்லும்போது, அந்த இடைவெளியில் எழுதுவதற்கு இடம் உண்டு. ப்ளூம்பெர்க் லாவில் வரும் யு.எஸ். லா வீக், உச்ச நீதிமன்றத்தைத் தொடர்ந்து கவனிக்கும் ஸ்காட்டஸ்பிளாக் ஆகியவை இதற்கு உதவும். கட்டணச் சட்டத் தரவுத்தளங்களான வெஸ்ட்லா, லெக்சிஸ் இரண்டிலும் நீங்களே தேடலாம்: ‘சர்க்யூட்’ என்ற சொல்லும் ‘ஸ்ப்ளிட்’ அல்லது ‘கான்ஃப்ளிக்ட்’ என்ற சொல்லும் ஒரே வாக்கியத்தில் வரும் அண்மைத் தீர்ப்புகள் வேண்டும் என்று கேளுங்கள்.

முரண்பாட்டை நம்பித் தலைப்பு எடுப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஜியோஃபென்ஸ் வாரண்ட் என்று ஒன்று இருக்கிறது. குற்றம் நடந்த இடத்தைச் சுற்றி எல்லை வரைந்து, குறிப்பிட்ட நேரத்தில் அதற்குள் இருந்த கைபேசிகளின் தகவலைக் கேட்கும் ஆணை அது. 2024 ஜூலையில் நான்காவது சர்க்யூட்டின் மூன்று நீதிபதிக் குழு, சாட்ரி வழக்கில், அங்கே சோதனை என்று எதுவும் நடக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே ஐந்தாவது சர்க்யூட், ஸ்மித் வழக்கில், இத்தகைய வாரண்டுகளே நான்காவது திருத்தத்துக்கு முரணானவை என்றது. அழகான முரண்பாடு, எத்தனையோ மாணவர்கள் அதைப் பிடித்திருப்பார்கள். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் நான்காவது சர்க்யூட் சாட்ரி வழக்கை முழு அமர்வில் மீண்டும் கேட்க ஒப்புக்கொண்டது. குழுவின் தீர்ப்பு அத்தோடு செல்லாமல் போனது. 2025இல் முழு அமர்வு ஒரு சுருக்கமான ஆணையால் கீழ் நீதிமன்றத்தின் முடிவை மட்டும் உறுதி செய்தது. நீதிபதிகள் தனித்தனியாக நீண்ட கருத்துகள் எழுதினார்கள். ஜூலைத் தீர்ப்பை மட்டும் அச்செடுத்து வைத்துக்கொண்டு எழுதியவரின் கட்டுரைக்கு அடித்தளமே நகர்ந்துவிட்டது.

ஆகவே தலைப்பை எடுத்த நாளிலேயே அந்த வழக்குகளுக்கு எச்சரிக்கை அஞ்சல் வைத்துவிடுங்கள். வெஸ்ட்லா, லெக்சிஸ் இரண்டிலும் ஒரு தீர்ப்பின் பக்கத்திலிருந்தே அதைச் செய்யலாம். தீர்ப்புகளை இலவசமாகத் தரும் கோர்ட்லிஸனர் தளத்திலும் செய்யலாம்.

மூன்றாம் படி: வேறு யாராவது எழுதிவிட்டார்களா

இதை அங்கே ‘பிரீஎம்ப்ஷன் செக்’ என்கிறார்கள். உங்கள் வாதத்தை வேறொருவர் ஏற்கெனவே முன்வைத்துவிட்டாரா என்ற சோதனை. தலைப்பு ஒன்றாக இருப்பது பிரச்சினை இல்லை. வாதம் ஒன்றாக இருந்தால்தான் பிரச்சினை. இந்த வேறுபாடு புரியாமல், தலைப்பில் இரண்டு சொல் ஒத்துப்போனதும் மனம் உடைந்து நல்ல கருத்தைக் கைவிடும் மாணவர்களைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது.

இந்தச் சோதனைக்கு ஒரு தளம் போதாது. ஏன் என்று புரிந்துகொண்டால், எதை எதோடு சேர்ப்பது என்பதும் தெரியும்.

வெஸ்ட்லாவிலும் லெக்சிஸிலும் சட்ட இதழ்களின் முழு உரை இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் 1980களுக்குப் பிந்தியவைதாம். எல்லா இதழ்களும் எல்லாக் கட்டுரைகளும் அவற்றில் இல்லை. ஹெய்ன்ஆன்லைன் அதற்கு நேர்மாறான பலம் கொண்டது. இதழ்களை முதல் தொகுதியிலிருந்து, அச்சுப் பக்கத்தின் படமாகவே தருகிறது. சில இதழ்களின் மிக அண்மைய இதழ் மட்டும் ஒப்பந்தம் காரணமாக அங்கே தாமதமாக வரும். எனவே பழையதற்கு ஹெய்ன், புதியதற்கு மற்ற இரண்டும் என்று பழகிக்கொள்ளுங்கள்.

இவை முழு உரைத் தேடல்கள். உங்கள் சொல் கட்டுரையில் இருந்தால்தான் கிடைக்கும். பொருள்வாரி அட்டவணைகள் வேறு விதமானவை. ஒரு மனிதர் கட்டுரையைப் பார்த்து, அது எதைப் பற்றியது என்று தலைப்புச் சொல் கொடுத்திருப்பார். 1908 முதல் வரும் இண்டெக்ஸ் டு லீகல் பீரியாடிகல்ஸ், 1980 முதல் உள்ளவற்றைத் தொகுக்கும் லீகல்டிராக், வெளிநாட்டுச் சட்ட இதழ்களுக்கான இண்டெக்ஸ் டு ஃபாரின் லீகல் பீரியாடிகல்ஸ் ஆகியவை இவ்வகை. 1925இல் எழுதியவர் நீங்கள் இன்று பயன்படுத்தும் சொல்லைப் பயன்படுத்தியிருக்க மாட்டார். அவரைக் கண்டுபிடித்துத் தருவது அட்டவணைதான்.

இன்னும் அச்சாகாதவை எஸ்.எஸ்.ஆர்.என். தளத்தில் இருக்கும். பேராசிரியர்கள் வரைவுகளை அங்கே முன்கூட்டியே ஏற்றுகிறார்கள். அடுத்த ஆண்டு வரப்போகும் கட்டுரை இன்றே அங்கே இருக்கலாம். கூகுள் ஸ்காலர் அகலமாக வலை வீசும். சட்டம் அல்லாத துறைகளில் உங்கள் கேள்வியை யாராவது தொட்டிருக்கிறார்களா என்று பார்க்க அது நல்ல கருவி. ஆனால் அதில் எந்த இதழ் அடங்கும், எது அடங்காது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் அதை மட்டும் நம்பி ‘யாரும் எழுதவில்லை’ என்று எழுதிவிடாதீர்கள்.

தேடும் முறை பற்றி ஒரு சொல். இயல்பான வாக்கியமாகக் கேட்டால் தளம் தனக்குப் பிடித்த வரிசையில் முடிவுகளைத் தரும். எதை விட்டது என்று உங்களுக்குத் தெரியாது. பிரீஎம்ப்ஷன் சோதனைக்கு இணைப்புக் குறிகளோடு தேடுவதே சரி. வெஸ்ட்லாவிலும் லெக்சிஸிலும் சாய்கோட்டோடு ‘பி’ போட்டால் இரு சொற்களும் ஒரே பத்தியில் வரவேண்டும். ‘எஸ்’ போட்டால் ஒரே வாக்கியத்தில் வரவேண்டும். சொல்லின் வேருக்குப் பின் ஆச்சரியக்குறி இட்டால் அதன் எல்லா விகுதிகளும் அடங்கும். அப்படித் தேடியும் ஒன்றும் வரவில்லை என்றால், அந்த ‘இல்லை’க்கு ஒரு பெறுமதி இருக்கிறது. தேடிய சரம், தளம், தேதி மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து அதே தேடலை மீண்டும் ஓட்ட வேண்டியிருக்கும்.

ஒத்த வாதம் ஒன்று கிடைத்தேவிட்டால்? உடனே கைவிட வேண்டியதில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து நீங்கள் தொடங்கலாம். அவர் கூட்டாட்சிச் சட்டத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் ஒரு மாநிலத்தின் சட்டத்தைப் பார்க்கலாம். அவர் முடிவோடு முரண்படலாம். முன்னவரைப் பெயர் சொல்லி, அவரோடு எங்கே பிரிகிறீர்கள் என்று தெளிவாக எழுதிய கட்டுரை, யாரும் தொடாத தலைப்பில் எழுதியதைவிட வலுவாக இருக்கும்.

நான்காம் படி: சட்டத்தின் மூலப் பிரதி

மாணவர்கள் மிகவும் நேசிக்கும் இடம் தீர்ப்புகள். மிகவும் தவிர்க்கும் இடம் சட்டமியற்றிய வரலாறு. இரண்டாவதில்தான் புதையல் இருக்கிறது, ஆகவே அதில் சற்று நின்று பேசுகிறேன்.

1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பொதுச்சட்ட எண் 88-352. முதல் எண் காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) வரிசை, இரண்டாவது எண் அந்தக் காங்கிரஸில் அச்சட்டத்தின் வரிசை. நிறைவேறிய வரிசையில் சட்டங்களை அச்சிடும் ஸ்டாட்யூட்ஸ் அட் லார்ஜ் தொகுப்பில் அது 78ஆம் தொகுதி, 241ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் ஏழாவது பகுதியில் ‘பாலினம்’ என்ற சொல் ஏன் வந்தது என்று ஒரு மாணவர் எழுத விரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கப்படி குழு அறிக்கைகளைத் திறப்பார். அங்கே விடை இருக்காது. அந்தச் சொல் குழுவில் சேர்க்கப்படவில்லை. 1964 பிப்ரவரி 8 அன்று, பிரதிநிதிகள் அவையின் விவாதத்தில், ஹோவர்ட் ஸ்மித் என்ற உறுப்பினர் திருத்தமாகக் கொண்டுவந்தார். ஆகவே நாம் போக வேண்டியது அவை விவாதங்களின் பதிவான காங்கிரஷனல் ரெக்கார்ட், 110ஆம் தொகுதி, 2577ஆம் பக்கம்.

இங்கேதான் அனுபவமில்லாதவர் தவறுகிறார். காங்கிரஷனல் ரெக்கார்டுக்கு இரண்டு பதிப்புகள் உண்டு: அன்றன்று வரும் தினப் பதிப்பு, பிறகு கட்டித் தொகுக்கப்படும் நிரந்தரப் பதிப்பு. இரண்டின் பக்க எண்களும் வேறு. தினப் பதிப்பின் பக்க எண்ணுக்கு முன்னால் அவையைக் குறிக்கும் எழுத்து இருக்கும். நிரந்தரப் பதிப்பில் இருக்காது. நிரந்தரப் பதிப்பு கிடைக்கும்போது அதைத்தான் காட்ட வேண்டும். உறுப்பினர்கள் தங்கள் உரையை அச்சுக்கு முன் திருத்திக்கொள்ள முடியும் என்பதால் இரண்டுக்கும் இடையில் சொற்கள்கூட மாறலாம். பழைய சுவடிகளை ஒப்பிடும் பதிப்பாசிரியர் பாடபேதம் பார்ப்பது போலத்தான் இந்த வேலையும்.

இந்த ஆவணங்களைத் தேட, காங்கிரஸின் அதிகாரபூர்வத் தளமும் அரசு அச்சகத்தின் கவ்இன்ஃபோ தளமும் இலவசம். கல்லூரி நூலகம் சந்தா கட்டியிருந்தால் புரோகுவெஸ்ட் காங்கிரஷனல், புரோகுவெஸ்ட் லெஜிஸ்லேடிவ் இன்சைட் ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். பெரிய சட்டங்களுக்கு மசோதா வடிவங்கள், விசாரணைகள், அறிக்கைகள் எல்லாம் ஒரே இடத்தில் கோத்து வைக்கப்பட்டிருக்கும். ஹெய்னிலும் தொகுக்கப்பட்ட வரலாறுகள் உண்டு. வேறொருவர் ஏற்கெனவே தொகுத்துவிட்டாரா என்று முதலில் பார்ப்பது வாரக்கணக்கான உழைப்பை மிச்சப்படுத்தும்.

கூட்டாட்சிச் சட்டங்களைப் பொருள்வாரியாகத் தொகுக்கும் யு.எஸ். கோடு பற்றி ஒரு நுட்பம். அதன் எல்லாத் தலைப்புகளும் காங்கிரஸால் சட்டமாகவே நிறைவேற்றப்பட்டவை அல்ல. நிறைவேற்றப்படாத தலைப்புகளில் கோடின் உரை முதல்தோற்றச் சான்று மட்டுமே. ஸ்டாட்யூட்ஸ் அட் லார்ஜ் உரையோடு முரண்பட்டால் பின்னதே நிற்கும். ஒரு காற்புள்ளியின் மேல் வாதம் கட்டும் கட்டுரையானால், இதைச் சரிபார்க்காமல் விடக்கூடாது.

ஒழுங்குமுறை விதிகளுக்கு 1936இல் தொடங்கிய அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டர் அவசியம். விதியின் உரை கோடு ஆஃப் ஃபெடரல் ரெகுலேஷன்ஸில் இருக்கும். ஆனால் அந்த விதியை ஏன் கொண்டுவந்தார்கள், பொதுமக்கள் என்ன ஆட்சேபித்தார்கள், நிறுவனம் என்ன பதில் சொன்னது என்பதெல்லாம் ரெஜிஸ்டரில் அந்த விதிக்கு முன்னால் வரும் நீண்ட முன்னுரையில்தான் இருக்கிறது. மாணவர் கட்டுரைகளில் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் வளம் இதுவே என்பது என் எண்ணம்.

தீர்ப்புகளுக்கு வருவோம். வெஸ்ட்லா, லெக்சிஸ் தவிர, ஹார்வர்ட் சட்ட நூலகத்தின் கேஸ்லா ஆக்சஸ் புராஜெக்ட் தன் அச்சுத் தொகுதிகளை வருடி, ஏறத்தாழ 67 லட்சம் தீர்ப்புகளை இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறது. வழக்கு ஆவணங்களுக்குக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் பேசர் தளம் உண்டு. பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்குப் பொதுவாக அதிகபட்சம் 3 டாலர் கட்டணம். ஒரு காலாண்டில் 30 டாலருக்குள் இருந்தால் கட்டணம் தள்ளுபடி ஆகிவிடும். பேசருக்குப் போகும் முன் கோர்ட்லிஸனரில் உள்ள ரீகேப் காப்பகத்தைப் பாருங்கள். வேறொருவர் ஏற்கெனவே இறக்கிய ஆவணம் அங்கே இலவசமாக இருக்கக்கூடும்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வெளியான அன்று கிடைப்பது தனித்தாள் வடிவம். பிறகு முதற்கட்ட அச்சு, கடைசியாகக் கட்டிய தொகுதி. இடையில் திருத்தங்கள் நடக்கும். ஆண்டுகள் கழித்து யு.எஸ். ரிப்போர்ட்ஸில் வந்த உரையே இறுதி. நேரடி மேற்கோள் எடுத்திருந்தால் அந்தத் தொகுதியோடு ஒருமுறை ஒப்பிட்டே ஆகவேண்டும்.

ஐந்தாம் படி: இன்னும் உயிரோடு இருக்கிறதா

ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் 1873இல் ஒரு தொழில் தொடங்கினார். ஒரு தீர்ப்பைப் பிந்தைய தீர்ப்புகள் எங்கே தொட்டன என்று பசைத்தாளில் அச்சிட்டு விற்றார். வழக்கறிஞர்கள் அதைத் தங்கள் தொகுதிகளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். இன்று லெக்சிஸில் ஷெப்பர்ட்ஸ், வெஸ்ட்லாவில் கீசைட். வேலை அதே வேலைதான்.

நிறக்கொடியை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சிவப்புக் கொடி ஒரு தீர்ப்பின் ஏதோ ஒரு பகுதி கவிழ்ந்தது என்றுதான் சொல்லும். நீங்கள் எடுத்தாளும் பகுதி அதுதானா என்று கொடி சொல்லாது. கொடி இல்லாததும் பாதுகாப்பு அல்ல. வெளிப்படையாகக் கவிழ்க்காமல் ஒரு முன்தீர்ப்பை உள்ளிருந்தே பொருளிழக்கச் செய்யும் தீர்ப்புகள் உண்டு. கவிழ்த்ததாகச் சொல்லும் தீர்ப்பைத் திறந்து அந்தப் பத்தியைப் படியுங்கள்.

ஆறாம் படி: உங்கள் நூலகத்தில் இல்லாத நூல்

கூலியின் நூலைப் போன்ற ஒன்றைத் தேடிய கதையைச் சொல்கிறேன். இதழ் ஆசிரியராக இருந்த முதல் பருவத்தில், வேறொரு பழைய தீங்கியல் நூலின் மேற்கோள் ஒன்று என்னிடம் சரிபார்க்க வந்தது. சொன்ன பக்கத்தில் அந்த வாக்கியம் இல்லை. மூன்று நாள் தேடினேன். கட்டுரையாளர் பொய் சொல்லியிருப்பாரோ என்றுகூடத் தோன்றியது. கடைசியில் நூலகர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எந்தப் பதிப்பு?” என்னிடம் இருந்தது முதல் பதிப்பு, கட்டுரையாளர் காட்டியது மூன்றாவது. சட்ட நூல்களில் பதிப்பு மாறினால் பக்கம் மாறும், வாதமே மாறும். அன்று முதல் நான் எந்த நூலையும் பதிப்பு எண் இல்லாமல் கோரியதில்லை.

எந்த நூலகத்தில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று வேர்ல்ட்கேட் காட்டும். அங்கே கண்டதை நூலகங்களுக்கு இடையிலான இரவல் மூலம் கேளுங்கள். ஒரு அதிகாரம் மட்டும் போதும் என்றால் பல நூலகங்கள் வருடிய பி.டி.எஃப். ஆகவே அனுப்பிவிடும். முழு நூல் என்றால் நாள் ஆகும். கெடு தேதிக்கு இரண்டு நாள் முன்னால் கேட்டுப் பயனில்லை. பழைய சட்ட நூல்களுக்கு ஹாத்திடிரஸ்ட், இண்டர்நெட் ஆர்கைவ் ஆகியவற்றை முதலில் பாருங்கள். 1800 முதல் 1926 வரையிலான சட்ட நூல்களைத் தொகுத்த கேல் நிறுவனத்தின் மேக்கிங் ஆஃப் மாடர்ன் லா உங்கள் நூலகத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நூலின் தலைப்புப் பக்கத்தையும் சேர்த்து வருடி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு, பதிப்பு, தொகுப்பாளர் மூன்றும் அதில்தான் இருக்கின்றன.

வருடிய பழைய நூல்களில் தேடும்போது கவனம் தேவை. எழுத்துணரி மென்பொருள் மங்கிய அச்சைத் தப்பாகப் படிக்கும். 18ஆம் நூற்றாண்டு அச்சில் இருந்த நீண்ட ‘எஸ்’ எழுத்தை அது ‘எஃப்’ என்றே எடுத்துக்கொள்ளும். தேடலில் கிடைக்கவில்லை என்பதால் நூலில் இல்லை என்று முடிவு செய்யாமல், பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

ஏழாம் படி: இணைய இணைப்புகள் செத்துப்போகும்

ஜோனதன் ஸிட்ரைன், கெண்ட்ரா ஆல்பர்ட், லாரன்ஸ் லெசிக் மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு சட்ட இதழ்க்காரர்களை உலுக்கியது. ஹார்வர்ட் லா ரிவ்யூ உள்ளிட்ட இதழ்களில் காட்டப்பட்ட இணைய முகவரிகளில் 70 விழுக்காட்டுக்கு மேலும், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் உள்ள முகவரிகளில் 50 விழுக்காடும், முதலில் காட்டிய தகவலுக்கு இட்டுச்செல்லவில்லை என்று கண்டார்கள்.

ஹார்வர்ட் சட்ட நூலகம் உருவாக்கிய பெர்மா சேவை இதற்குத்தான் இருக்கிறது. பக்கத்தின் அன்றைய நிலையைப் பிடித்து ஒரு நிரந்தர முகவரி தரும். உங்கள் நூலகம் அதில் பங்கேற்றால் இதழுக்கு இலவசக் கணக்கு கிடைக்கும். அச்சுக்குப் போகும் முன்பு மொத்தமாகச் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். எழுதும்போது பார்த்த பக்கம் ஆறு மாதத்தில் மாறியிருக்கும். பார்த்த அன்றே பிடித்து வையுங்கள். பிடித்ததைத் திறந்தும் பாருங்கள். சில தளங்கள் வெற்றுப் பக்கத்தையோ நுழைவுப் படிவத்தையோதான் பதிய விடும்.

எட்டாம் படி: ஆசிரியர் குழுவின் சரிபார்ப்பு

ஒரு கட்டுரைக்கு 300 அடிக்குறிப்பு என்பது சட்ட இதழில் அரிதல்ல. முதலில் எல்லா மூலங்களையும் ஒரு விரிதாளில் ஏற்றுங்கள்: அடிக்குறிப்பு எண், மூலம், வகை, எங்கே கிடைக்கும், யார் எடுப்பது. இரவல் வாங்க வேண்டியவற்றை முதல் நாளிலேயே பிரித்து நூலகரிடம் கொடுத்துவிடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது அடிக்குறிப்பு எண்ணை முன்னால் மூன்று இலக்கமாக எழுதினால் வரிசை கெடாது.

மூலம் கைக்கு வந்ததும் வடிவத்தைத் திருத்தத் தொடங்கிவிடுவது புதியவர்களின் பழக்கம். 1926இல் முதலில் வந்து 2025இல் 22ஆம் பதிப்பைக் கண்ட, மேற்கோள் வடிவ விதிகளைச் சொல்லும் ப்ளூபுக் தடிமனான புத்தகம்தான். சாய்வெழுத்தும் காற்புள்ளியும் முக்கியம்தான். ஆனால் முதல் கேள்வி வேறு: அடிக்குறிப்பு சொல்வதை மூலம் சொல்கிறதா?

எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். கட்டுரையின் வாக்கியத்தை ஒரு பக்கம் வையுங்கள். மூலத்தின் குறிப்பிட்ட பக்கத்தை மறுபக்கம் வையுங்கள். அந்தப் பக்கத்தோடு முந்தைய பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் படியுங்கள். வாக்கியத்தை நேராகத் தாங்கும் வரி இருந்தால் அடிக்குறிப்பின் முன்னால் குறிச்சொல் வேண்டாம். ஊகித்துத்தான் எட்ட முடிகிறது என்றால் ‘ஸீ’ என்ற குறிச்சொல் வேண்டும். மூலம் வேறொன்றைச் சொல்லி, ஒப்புமையால் மட்டும் உதவுகிறது என்றால் ‘சி.எஃப்.’ வேண்டும், கூடவே அந்த ஒப்புமை என்ன என்று ஒரு விளக்கக் குறிப்பும் வேண்டும். எழுதியது யார் என்று பாருங்கள்: பெரும்பான்மையா, உடன்பட்டுத் தனியாக எழுதியதா, மாறுபட்டதா? வழக்கறிஞரின் வாதத்தை நீதிமன்றம் எடுத்துச் சொல்லும் பத்தியை நீதிமன்றத்தின் கருத்தாக எடுத்துக்கொண்ட அடிக்குறிப்புகளை நான் ஒன்றிரண்டல்ல, பல கண்டிருக்கிறேன். மேற்கோளை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இருவர் சேர்ந்து, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் பார்த்துவந்தால் கண் தவறவிடுவதைக் காது பிடிக்கும்.

கட்டுரையாளர் பேராசிரியராக இருந்தாலும் இதே அளவுகோல்தான். தவறு கண்டால், மூலத்தின் பக்கத்தையும் இணைத்து, மரியாதையாகக் கேள்வியாக எழுதுங்கள். நல்ல அறிஞர்கள் அதற்கு நன்றி சொல்வார்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றி

மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கு இங்கே நினைவுகூரப்பட வேண்டியது. 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், சாட்ஜிபிடி உருவாக்கிய, உலகில் இல்லவே இல்லாத தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டி மனு தாக்கல் செய்தார்கள். நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. அந்தப் போலித் தீர்ப்புகளுக்குப் பெயர் இருந்தது, தொகுதி எண் இருந்தது, நீதிபதிகளின் பெயரும் இருந்தது. அச்சுத் தொகுதியில் அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தால் அங்கே வேறொரு வழக்கு இருந்திருக்கும்.

மாற்றுச் சொற்களைத் திரட்டவும், அறிமுகமில்லாத துறையின் வரைபடத்தைப் பெறவும் இக்கருவிகள் உதவலாம். முதலில் உங்கள் இதழின் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெளிவராத கட்டுரையின் வரைவை வெளித் தளத்தில் ஏற்றுவது கட்டுரையாளரின் நம்பிக்கைக்குத் துரோகம். அது தரும் எந்த மூலத்தையும், மற்ற எல்லா மூலங்களையும் போலவே, தேடி எடுத்துத் திறந்து படித்த பிறகே விரிதாளில் ஏற்றுங்கள்.

கடைசி வேலை

இதழ் அச்சுக்குப் போனதும் அறையைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். இரவல் நூல்களைத் திருப்புங்கள். தாமதமாகும் ஒவ்வொரு நூலும் உங்கள் நூலகர் அடுத்த முறை இன்னொரு நூலகத்திடம் கேட்கும்போது அவருக்குச் சங்கடம். விரிதாளின் ஒரு பிரதியை அடுத்த ஆண்டு ஆசிரியர்களுக்கு விட்டுச் செல்லுங்கள். எந்த மூலம் கிடைக்கத் தாமதமானது, கடைசியில் எங்கே கிடைத்தது என்ற ஒரு பத்தியைச் சேர்த்துவிடுங்கள். அலமாரியில் மிச்சமிருக்கும் நூலின் மேல் ஒட்டிய தாளில் எந்த அடிக்குறிப்புக்காக எடுத்தது என்று எழுதியிருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.